எஸ்ஜிபிடி: நிறத்தைப் பார்ப்பதா, வேகத்தைப் பார்ப்பதா?

கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடியை அளக்க ரெய்ட்மன், ஃப்ராங்கல் இருவரும் 1957இல் வெளியிட்ட முறை ரொம்ப எளிது. சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த பகுதி) ரீஏஜென்ட்டோடு, அதாவது சோதனைக் கரைசலோடு, 37 டிகிரியில் அரை மணி நேரம் வினைபுரிய விட்டு, நிறம் வரவைக்கும் டிஎன்பிஹெச் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து 20 நிமிடம் வைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் பழுப்பு நிறம் வரும். 505 நானோமீட்டரில் ஒரே ஒரு ரீடிங். சாதாரண கலரிமீட்டரே போதும். ஆனால் நொதி கூடக்கூட நிறம் அதே விகிதத்தில் ஏறாது, வரைபடம் வளைந்துவிடும்.

வினையின் வேகத்தை அளக்கும் கைனடிக் முறையில் நிறமே கிடையாது. எஸ்ஜிபிடியின் வினையில் உருவாகும் பைருவேட் என்ற பொருளை எல்டிஹெச் என்ற இன்னொரு நொதி லாக்டேட்டாக மாற்றும்போது, ரீஏஜென்ட்டில் உள்ள, ஒளியை உறிஞ்சும் என்ஏடிஹெச் செலவாகிறது. 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு. சில நிமிடங்களில் ரிசல்ட். சீரம் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் சமாளிக்கலாம், பார்ப்பது மாற்றத்தை மட்டும்தானே.

என் ஓட்டு கைனடிக்குக்கே. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. கடும் மஞ்சள் காமாலையில் நொதி ஆயிரக்கணக்கில் இருந்தால், முதல் ரீடிங்குக்கு முன்பே என்ஏடிஹெச் காலி. கோடு தட்டையாகிவிடும், மெஷின் சாவகாசமாக ‘நார்மல்’ என்று காட்டும். ரீஏஜென்ட் நன்றாக இருந்தும் ஆரம்ப உறிஞ்சல் மிகக் குறைவென்றால், சீரத்தைச் சலைனில் (உப்புநீரில்) பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டி, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்; அப்புறம் ரிப்போர்ட் அடிக்கலாம்.