40 மாதம், 4 ஷட்டர்: சேமிப்பு யூனிட் அளவில் நான் பட்ட பாடு

பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் ஏற்கெனவே இருந்த ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். நம்முடைய சாமான்களை விற்க மனசில்லை. ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு ஒரு செல்ஃப் ஸ்டோரேஜ் யூனிட் எடுத்தேன், அதாவது சாமான் போட்டுவைக்க மாத வாடகைக்குக் கிடைக்கும் ஷட்டர் போட்ட அறை. அந்த ஆறு மாதம் இப்போது 40 மாதமாகி நிற்கிறது. இதற்குள் ஒரே கட்டடத்துக்குள்ளேயே நான்கு ஷட்டர் மாறிவிட்டேன். இடம் சுத்தமாகவே இருந்தது, பூட்டுக்கும் பிரச்சினை வந்ததில்லை. அளவைத் தப்பாகக் கணித்ததுதான் ஒவ்வொரு முறையும் மாற்றியது.

முதல் முறை நான் ஏமாந்தது கணக்குப் போடாமல் இல்லை. கணக்குப் போட்டுத்தான் ஏமாந்தேன். ஒவ்வொரு சாமானையும் டேப் வைத்து அளந்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி எழுதினேன். ஃபிரிட்ஜ் 34 கன அடி. மூன்று பேர் உட்காரும் சோபா 63. பீரோ 29. மெத்தை 22. சின்ன அட்டைப்பெட்டி ஒன்று ஒன்றரை கன அடி, நடுத்தரப் பெட்டி ஒன்று 3 கன அடி. இப்படி 40 பெட்டிகள், சுமார் 82. வாஷிங் மெஷின், மேசை, புத்தக அலமாரி, கழற்றிய கட்டில், நாற்காலிகள், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 350 வந்தது. நான் எடுத்தது 5க்கு 10 யூனிட், அதாவது 5 அடி அகலம், 10 அடி நீளம். உயரம் 8 அடி, ஆக 400 கன அடி. ஐம்பது மிச்சம்! அன்றைக்கு இருந்த தெம்பில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வண்டியிலிருந்து பாதிச் சாமான் இறங்கியபோது அங்கிருந்த மேற்பார்வையாளர் வந்து சுவரைக் காட்டினார். "சார், அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேல எதுவும் போகக் கூடாது." மேலே ஸ்பிரிங்க்ளர், அதாவது தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் தெளிப்பான், இருந்தது. தீப்பிடித்தால் தண்ணீர் குடை மாதிரி விரிந்து விழ வேண்டும். அதனால் தெளிப்பான் தலைக்குக் கீழே 18 அங்குலம் வெறுமையாக விட்டாக வேண்டும். தானியங்கித் தெளிப்பான் உள்ள கட்டடங்களில் பொதுவாக இதுதான் அளவு. ஆக எனக்குக் கிடைத்த உயரம் ஆறரை அடிதான். 400 என்று நான் நினைத்தது அந்த நிமிடமே 325 ஆனது.

அதோடும் நிற்கவில்லை. சோபாவை நிமிர்த்தி ஒரு மூலையில் நிறுத்திவிடலாம் என்பது என் திட்டம். நிமிர்த்தினால் தரையில் 9 சதுர அடிதான் பிடிக்கும். ஆனால் சோபாவின் நீளம் 7 அடி, கோடோ ஆறரையில். படுக்கத்தான் வைக்க வேண்டும், படுக்க வைத்தால் 21 சதுர அடி. மொத்தத் தரையே 50. அந்த ஐம்பதும்கூடப் பேருக்குத்தான். டேப் வைத்துப் பார்த்தபோது உள்ளே அகலம் 4 அடி 9 அங்குலம். விளம்பரத்தில் போடும் அளவு தோராயமானது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

மேசையும் நாற்காலிகளும் நண்பன் வீட்டு மாடிக்குப் போயின. பெட்டிகளில் இருந்த துணிகளைப் பீரோவுக்குள் திணித்தேன். மற்றதெல்லாம் செங்கல் அடுக்கியது போல் கதவு வரை ஏறியது. ஷட்டரை இழுத்து மூடியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இரண்டாவது மாதம் ஒரு வேலைக்காக அசல் சான்றிதழ்கள் தேவைப்பட்டன. அந்தக் கோப்பு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது தெரியும், பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்: பின்சுவரை ஒட்டி, கீழ் வரிசையில். தாழ்வாரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, கோப்பை எடுத்து, மறுபடி அடுக்கி முடிக்க இரண்டரை மணி நேரம். நடுவில் பக்கத்து யூனிட்காரர் வந்து தள்ளுவண்டியோடு காத்து நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

அளவு என்பது எவ்வளவு சாமான் இருக்கிறது என்ற கேள்வி இல்லை, எத்தனை முறை உள்ளே போவோம் என்ற கேள்வி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வருஷம் முழுக்கத் தொடவே போவதில்லை என்றால் செங்கல் அடுக்கு சரி. மாதம் ஒரு முறையாவது எதையாவது எடுப்போம் என்றால் உள்ளே ஒரு ஆள் நடக்க வழி வேண்டும், அந்த வழிக்கும் வாடகை உண்டு. இப்போது நான் போடும் கணக்கு இது: சாமான்களின் மொத்தக் கன அடியை ஒன்றரையால் பெருக்கு, உபயோகிக்கக் கூடிய உயரத்தால் வகு, வருவதுதான் தேவையான தரை. என் 350க்கு இது 525; ஆறரையால் வகுத்தால் 81 சதுர அடி. நான் எடுத்ததோ ஐம்பது. சில இடங்களில் சதுர மீட்டரில் சொல்வார்கள், 10.76 ஆல் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும்.

நான்காம் மாதம் கோபத்தில் 10க்கு 15 எடுத்தேன். கோபத்தில் அளவு முடிவு செய்யக் கூடாது. என் சாமான் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. நண்பன் மாடியிலிருந்து மேசை, நாற்காலிகள் திரும்பி வந்தன. உள்ளே பேசினால் எதிரொலித்தது. முதல் வாரம் சொர்க்கம்தான். பிறகு மச்சினன் கேட்டான்: "மாமா, இடம் சும்மாதானே கிடக்கு, என் சைக்கிளைப் போட்டுக்கட்டுமா?" ஒரு சைக்கிள் இரண்டானது. தெரிந்தவர் ஒருவரின் இரண்டு பெட்டிகள், கால் உடைந்த ஒரு ஸ்டூல், புதிய டிவி வந்த காலிப் பெட்டி. காலி இடத்துக்கு ஒரு ஈர்ப்புச் சக்தி உண்டு. வீட்டுப் பரணில் பார்த்தவர்களுக்குத் தெரியும். 14 மாதம் அங்கே இருந்தேன். பொதுவாக யூனிட் பெரிதாகப் பெரிதாகச் சதுர அடிக்கான வாடகை குறையும், அதனால் பெரியது எடுப்பதே லாபம் போலத் தோன்றும். உபயோகிக்காத சதுர அடி எத்தனை மலிவாகக் கிடைத்தால் என்ன?

அந்தப் பெரிய யூனிட்டில் ஒரே நன்மை, எல்லாவற்றையும் பரப்பிப் பார்க்க முடிந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, முன்பு நான்கு மாதம் செங்குத்தாக நின்றதில் ஃபோம் நடுவில் தொய்ந்துவிட்டிருந்தது. ஃபோம் மெத்தையை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும். படுக்க வைத்தால் குயின் சைஸ் மெத்தைக்கு 33 சதுர அடி போகும். ஒரு மெத்தைக்காக யூனிட்டின் அளவையே ஏற்றுவதா என்று யோசித்துப் பாருங்கள். நான் மெத்தையை விட்டேன். சோபாவையும் கொடுத்துவிட்டேன். 350லிருந்து 265க்கு வந்தது.

அடுத்ததில்தான் உருப்படியாக யோசித்தேன். 75 சதுர அடியில் இரண்டு வகை காலியாக இருந்தன: 5க்கு 15, ஏழரைக்கு 10. வாடகை ஒன்றுதான். ஆளுக்கு ஆள் நீளமானதையே எடுக்கிறார்கள், பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் என்பதாலோ என்னவோ. இரண்டடிப் பாதை விட்டுப் பாருங்கள். நீளமானதில் பாதை 30 சதுர அடியைத் தின்றுவிடும். மிச்சம் 45, அதுவும் ஒரே பக்கம் மூன்றடிப் பட்டை. அகலமானதில் பாதைக்கு 20 போதும். மிச்சம் 55, இரு பக்கமும் 2 அடி 9 அங்குலம். இரண்டரை அடி ஃபிரிட்ஜை நிறுத்தினால் சுவருக்கும் அதற்கும் நடுவில் மூன்று அங்குலம் கிடைக்கும். நிஜ அகலம் 7 அடி 4 அங்குலமாக இருந்ததால் பாதை 22 அங்குலமாகச் சுருங்கியது. பரவாயில்லை, தோளைச் சற்றுத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவேன். 19 மாதத்தில் ஒரு முறைகூடத் தாழ்வாரத்தில் சாமான் இறக்கவில்லை.

அந்த மூன்று அங்குலத்தை வீண் என்று நினைக்காதீர்கள். சாமானைச் சுவரோடு ஒட்டிவைத்தால் பின்னால் காற்று போகாது. முதல் யூனிட்டில் புத்தக அலமாரியின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூசணம் படர்ந்திருந்தது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் மரம், தோல், காகிதம் எதுவும் தப்பாது. ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி உள்ளே தொங்கவிட்டிருக்கிறேன். தட்பவெப்பம் கட்டுப்படுத்திய யூனிட்டுக்கு வாடகை அதிகம். ஆனால் புகைப்படமும் புத்தகமும் இருந்தால் பெரிய சாதா யூனிட்டைவிட, கொஞ்சம் சின்னதான கட்டுப்படுத்தியதே மேல் என்பேன். கான்கிரீட் தரையும் ஈரத்தை மேலே இழுக்கும். பெட்டிகளுக்கு அடியில் மரப் பலகைத் தட்டு போட்டேன், அதில் ஐந்து அங்குல உயரம் போனது. சுவர் இடைவெளியும் பலகையும் சேர்ந்து பறிக்கும் இடத்தைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. பெருக்கச் சொன்ன ஒன்றரையில் இதற்கும் பங்கு உண்டு.

சின்னதாகச் சில விஷயங்கள். ஃபிரிட்ஜை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடும். நன்றாகக் காயவைத்து, கதவை லேசாகத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். புத்தகங்களுக்குச் சின்னப் பெட்டி மட்டும். பெரிய பெட்டியில் போட்டால் தூக்கவும் முடியாது, அடியில் உள்ள பெட்டியும் நசுங்கும், நசுங்கிய அடுக்கு பாதைக்குள் சாயும். யூனிட்டின் அளவோடு ஷட்டர் வாயின் அகலத்தையும் மாடி என்றால் லிஃப்டின் உள்ளளவையும் அளந்துவிடுங்கள். என் பீரோ ஆறரை அடி. லிஃப்டுக்குள் சாய்த்துத்தான் நுழைந்தது. ஒரே கட்டடத்துக்குள் யூனிட் மாற என்ன விதி, முன்தொகை அப்படியே தொடருமா என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். நான் கேட்காததால் முதல் மாற்றத்தில் ஒரு மாத வாடகை வீணானது.

மூன்றாவது வருஷம் முடியப்போகும்போது ஒரு மாலையில் அதுவரை கட்டிய வாடகையைக் கூட்டிப் பார்த்தோம். பிறகு உள்ளே இருப்பதை இன்றைக்குப் பழைய விலைக்கு விற்றால் என்ன வரும் என்றும் கூட்டினோம். இரண்டு தொகையும் எதிரெதிரே இருந்த காகிதத்தை மனைவி ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏங்க, அந்த வாஷிங் மெஷினை நாம மூணு தடவை வாங்கியிருக்கோம்" என்றாள். அவ்வளவு நாள் ஓடாமல் கிடந்ததில் அதன் ரப்பர் வளையம் வேறு விறைத்துப்போயிருந்தது. அது போனது. மேசை போனது. புத்தக அலமாரியும், திறக்காமலே மூன்று ஷட்டர் மாறிய பெட்டிகளும் போயின. பீரோ போகவில்லை, அது மாமியார் கொடுத்தது. அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

இப்போது மிச்சம் சுமார் 170 கன அடி. ஒன்றரையால் பெருக்கினால் 255, ஆறரையால் வகுத்தால் 39 சதுர அடி. மூன்று மாதத்துக்கு முன்பு மறுபடி 5க்கு 10க்கே வந்துவிட்டேன், முதலில் எடுத்ததற்கு நேர் எதிர்ச் ஷட்டர். இடப்பக்கம் ஒரே வரிசை, வலப்பக்கம் பாதை, பாதை முடியும் கடைசி மூன்றடியில் மட்டும் குறுக்கே பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் பாதையைப் பார்த்த பக்கம் எண் எழுதியிருக்கிறது, எண்களின் பட்டியல் போனில். சான்றிதழ்க் கோப்பு 1ஆம் எண் பெட்டியில், ஷட்டரைத் தூக்கியதும் கைக்கு எட்டும் இடத்தில். போன வாரம் வேறு எதற்கோ அது தேவைப்பட்டது. வண்டியை அணைக்காமலே போய் எடுத்துவந்தேன்.