ஜீவன் பிரமாண் சேவை: நவம்பர் விதியின் சுமையை எவ்வளவு குறைத்திருக்கிறது?

மத்திய அரசின் ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமோ பெறுபவர், தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் சான்று கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும். கொடுக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். பிறகு சான்று சேர்ந்ததும் நிலுவையோடு வந்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் அதுவரையிலான மருந்துச் செலவுக்கும் மளிகைக் கணக்குக்கும் யாரிடமாவது கை நீட்டித்தான் ஆக வேண்டும். இந்த விதியை வங்கிக்குப் போகாமலே நிறைவேற்றிக்கொள்ள 2014 நவம்பர் 10 அன்று தொடங்கப்பட்டதுதான் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு ஆயுள் சான்றுச் சேவை. ரயில்வேயில் பணியாற்றிய என் தந்தையின் மறைவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் பெற்றுவரும் என் தாயாருக்காகச் சில ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறேன்.

முதல் ஆண்டு, விரல்ரேகை வைத்துச் சான்று எடுக்க, வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு கணினி மையத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். ஐம்பது ஆண்டுகளாகச் சாம்பலும் சபீனாவும் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? வலது கட்டைவிரலில் தொடங்கி, ஈரத் துணியால் துடைத்தும் தேங்காய் எண்ணெய் தடவியும் பத்து விரல்களையும் அந்தச் சிறு கருவியின் மேல் அழுத்திப் பார்த்தார்கள். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு, "நாளைக்கு வாங்கம்மா" என்றார் அங்கிருந்த பையன். தம்முடைய கையில்தான் ஏதோ குற்றம் என்பதுபோல அம்மா விரல்களைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே படியிறங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

2021 நவம்பரில் அறிமுகமான முக அடையாள முறை இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டது என்று மனநிறைவோடு சொல்வேன். ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் முக அடையாளச் செயலியையும் கைபேசியில் நிறுவிக்கொண்டு, ஆதார் எண், பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணையின் எண்), வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நிரப்பி, மறுமணம், மறுபணி பற்றிய உறுதிமொழியையும் அளித்துவிட்டால், எஞ்சியது முகத்தைக் காட்டுவது மட்டுமே. வெளிச்சம் முகத்தில் விழும்படி அம்மாவை வாசற்படிக்கு எதிரே நாற்காலியில் அமர்த்தி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னேன்; சற்று நேரத்தில் சான்றின் அடையாள எண்ணான பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்துவிட்டது. ஒருவருடைய கைபேசியிலிருந்தே பலருக்கும் சான்று எடுக்கலாம் என்பதால், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியருக்கும் அன்றே எடுத்துக் கொடுத்தேன். கைபேசியில் பழக ஆள் இல்லாதவர்கள் தபால்காரரை வீட்டுக்கு அழைத்து இந்திய அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகவும் எடுக்கலாம். அதற்குக் கட்டணம் 70 ரூபாய். ஆட்டோவுக்குக் கொடுப்பதை நினைத்தால் அது அதிகமில்லை.

சேவை நன்றாகவே இருக்கிறது. சேவைக்குப் பின்னால் இருக்கும் விதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலம். தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் மாதத்தில் முதியவர்களை ஒரே நேரத்தில் வங்கி வாசலுக்கு வரச் சொல்லும் ஒரு விதியை, வடகிழக்குப் பருவமழையை அனுபவித்த எவரும் எழுதியிருக்க மாட்டார்கள். எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம் என்பது ஒரு சலுகைதான். எழுபத்தொன்பது வயதில் முழங்கால் வலியோடு இருப்பவருக்கு அது கிடையாது. இத்தனைக்கும் மாற்று வழி நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இ.பி.எஸ். 95 என்னும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், ஆண்டின் எந்த நாளில் சான்று கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கு, உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் நேர்காணல் அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தில் நடக்கிறது.

இத்தகைய சுமையை விதி எழுதும்போதே கணக்கிட வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. சட்ட முன்வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும், நிதிச் செலவோடு, சம்பந்தப்பட்ட மக்களின் வாழ்க்கையிலும் வாழ்வாதாரத்திலும் ஏற்படும் தாக்கத்தையும் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் மத்திய அரசு 2014ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது. வைப்பு நிதி, பணிக்கொடை போன்றவற்றுக்கான தொழிலாளர் சட்டங்களை ஒன்றிணைத்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருக்கும் இந்த வேளையில், அதன்கீழ் எழுதப்படும் ஒவ்வொரு விதிக்கும் அந்த மதிப்பீடு உண்மையாகவே நடக்க வேண்டும். அரசுக்கு ஆகும் செலவை மட்டும் கணக்கிட்டால், என் தாயார் அந்த மையத்தில் கழித்த நாற்பது நிமிடம் எந்தக் கணக்கிலும் வராது. மின்னணு ஆயுள் சான்றை ஓய்வூதியர்களிடம் கொண்டுசேர்க்கும் அரசின் இயக்கம் 2022இல் 37 நகரங்களிலும், 2023இல் 100 நகரங்களிலும், 2024இல் 800 நகரங்களிலும் நடந்தது. இந்த வளர்ச்சி பாராட்டத்தக்கது. ஆயினும் எத்தனை சான்றுகள் எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, எத்தனை நிராகரிக்கப்பட்டன, டிசம்பரில் எத்தனை பேருக்கு ஓய்வூதியம் நின்றது என்பதையும் மாவட்ட வாரியாக வெளியிட்டால்தான் விதியின் உண்மையான சுமை தெரியும்.

இதைப் பயன்படுத்த இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரமாண் எண் கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். சான்று உருவாவது வேறு. ஓய்வூதியம் வழங்கும் வங்கி அதை ஏற்பது வேறு. பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் நிராகரிக்கப்படலாம். சில நாட்கள் கழித்து அந்த எண்ணை வைத்து நிலையைப் பார்த்துவிடுங்கள். நவம்பர் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டால் திருத்தி மறுபடி எடுக்க நாள் இருக்காது.