குட்டையை ஆற்றோடு இணைப்பதா, கல்மேட்டைத் தாழ்த்துவதா? யாங்கி ஃபோர்க் ஆற்றை முன்வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சால்மன் ஆற்றில் வந்து சேரும் சிற்றாறு யாங்கி ஃபோர்க். 1940 முதல் 1952 வரை, நடுவில் போர்க்கால நிறுத்தம் போக, 988 டன் எடையுள்ள மிதக்கும் தங்கத் தூர்வாரி ஒன்று, சங்கிலியில் கோத்த வாளிகளால் இந்தப் பள்ளத்தாக்கின் தரையை ஏறத்தாழ 9 கி.மீ. நீளத்துக்குப் புரட்டிப் போட்டது. எந்திரம் இப்போது பொனான்சா, கஸ்டர் என்ற பழைய சுரங்க ஊர்களுக்கு இடையே காட்சிப்பொருள். அது விட்டுப்போனது வரிசையாகக் கல்மேடுகள், அவற்றுக்கு நடுவே குட்டைகள், ஓரமாக ஒடுங்கி நேராக ஓடும் ஆறு. கடலிலிருந்து சுமார் 1,400 கி.மீ. நீந்தி, 8 அணைகளைத் தாண்டி வரும் சினூக் சால்மன் மீனுக்கு இங்கே முட்டையிடப் பொடிக்கல் குறைவு. குஞ்சுகள் ஒதுங்க மெதுநீர் அதைவிடக் குறைவு.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குட்டைகளை ஆற்றோடு வெட்டி இணைத்துக் கிளைக்கால் ஆக்குவது. 1980களின் பிற்பகுதியில் ஷோஷோனி-பானக் பழங்குடியினர் இங்கே செய்தது இதுதான். இரண்டாவது, கல்மேடுகளையே இறக்கிக் குட்டைகளை நிரப்பி, வெள்ளம் பரவும் தரையை மீட்பது. முதலாவது மலிவு, சீக்கிரம் முடியும், அதில் வாதமில்லை. ஆனாலும் என் சாய்வு இரண்டாவது பக்கம். முதன்மைக் காரணம்: பராமரிப்பு.

கிளைக்காலின் உயிர் அதன் தலைப்பில் இருக்கிறது. ஆற்று நீர் உள்ளே திரும்பும் இடத்தில் வேகம் தணியும். உருண்டு வரும் கல்லும் மணலும் அங்கேயே படியும். பனி உருகும் மே, ஜூன் வெள்ளம் ஒன்றிரண்டு போதும், தலைப்பு மேடிட. ஆகஸ்டில் ஆறு வற்றும்போது உள்ளே சொட்டு நீர் போகாது. நுழைந்த குஞ்சுகள் சூடேறும் குட்டையில் மாட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் பனிக்கட்டி அடைப்பு வேறு. தலைப்பை வளைவின் வெளிப்பக்கம், மடுவை ஒட்டி வைத்து, அடிமட்டத்தை ஆற்றுப் படுகையைவிடச் சற்று உயர்த்திக் கல்வரம்பு கட்டினால் தூர் குறையும். நிற்காது. பொக்லைன் திரும்பத் திரும்ப வர வேண்டும்; கட்டும் பணம் கிடைக்கும் அளவுக்குத் தூர் எடுக்கும் பணம் எங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

மேட்டைத் தாழ்த்துவதில் தலைப்பு என்ற பேச்சே இல்லை. வெள்ளம் தானாக ஏறி இறங்கும். வேலை பெரிது. ஒரு ஹெக்டேரில் சராசரி 3 மீட்டர் வெட்டினால் 30,000 கன மீட்டர், அதாவது 10 கன மீட்டர் டிப்பரில் 3,000 நடை. அதனால்தான் பக்கத்துக் குட்டைக்குள்ளேயே தள்ளி வெட்டும் நிரப்பும் சமன் ஆகும்படி திட்டமிட வேண்டும். லாரித் தூரம் கூடினால் கணக்கு தலைகீழாகும். தரையை இறக்க வேண்டிய மட்டம், ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் ஏறும் அளவு. அரை மீட்டர் உயரமாக விட்டுவிட்டால் மீன் ஏறாது, கல்தரைதான் மிஞ்சும்.

இன்னொரு சிக்கல் அடுக்கு. தூர்வாரி பொடிமண்ணை அடியிலும் பெருங்கல்லை மேலேயும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மேலே எதுவும் முளைக்காதது அதனால்தான். வெட்டும்போது கிடைக்கும் பொடிமண்ணைத் தனியே குவித்து, முடிந்த தரையில் 30 செ.மீ. அளவு பரப்பலாம். பரப்புமுன் பாதரசம் சோதிப்பது கட்டாயம்: தங்கத்தைப் பிடிக்கத் தூர்வாரிகளில் பாதரசம் புழங்கியது, அது பெரும்பாலும் மிக நுண்ணிய வண்டலில் ஒட்டியிருக்கும். காற்றோட்டமில்லாத தேங்குநீரில் அது மெத்தில் பாதரசம் என்ற நச்சாகி மீனுக்குள் ஏறும். குட்டைகளை அப்படியே வைத்திருப்பதற்கு எதிரான வாதமும் இதுவே.

வில்லோ மரப் போத்துகளை இலையுதிர்ந்த பருவத்தில் வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி, அடிநுனி கோடைக் கடைசியின் நிலத்தடி நீரைத் தொடும்படி நட வேண்டும். மேலாக நட்டால் முதல் ஆகஸ்டிலேயே காயும். மீன் ஒதுங்க வேரோடு ஆற்றில் கிடத்தும் மரங்களுக்கும் கணக்கு உண்டு: ஒரு கன மீட்டர் உலர்ந்த மரம் வெள்ளத்தில் அரை டன் அளவு மேலே இழுக்கும், ஒரு டன் கல் நீருக்குள் 600 கிலோதான் நிறுக்கும். ஆக, ஒரு கன மீட்டர் மரத்துக்குப் பாதுகாப்போடு ஒன்றேகால் டன் கல் ஏற்ற வேண்டும், இல்லையேல் முதல் வெள்ளத்தில் மரம் கீழேயுள்ள பாலத்தில் போய் நிற்கும். ஆற்றுக்குள் இறங்கும் வேலை, சினூக் முட்டையிடத் தொடங்கும் ஆகஸ்ட் பிற்பகுதிக்கு முன் முடிந்தாக வேண்டும்.

இப்படி மீட்ட தரைகள் வயதில் இளையவை, பெருவெள்ளம் பலவற்றைச் சந்தித்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரம் வேர்பிடிக்குமுன் 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அளவு வெள்ளம் வந்தால் ஆறு புதுத்தடம் எடுக்கலாம். அது மீனுக்குக் கெடுதல் என்றில்லை, ஓரத்துச் சாலைக்குக் கெடுதல்.

பணமே இல்லையென்றால் குட்டையின் மேல்முனையைத் தொடாமல் கீழ்முனையை மட்டும் ஆற்றுக்குத் திறந்துவிடலாம். கல்லூடே கசியும் நிலத்தடி நீர் குளிர்காலத்தில் உறையாது, தூரும் குறைவு. திறக்குமுன் கோடையில் கரைந்த ஆக்சிஜனை விடியற்காலையில் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போகும் குட்டை என்றால் திறக்காமல் விட்டுவிடுங்கள்.