பத்மினி சூடேறினால் உடனே கார்புரேட்டரில் கைவைப்பவர்களிடம் கவனம்

பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கோவைப் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டியை வேலைக்கு விடுங்கள். 1089 சிசி எஞ்சின் கொண்ட எங்கள் வண்டி நகர நெரிசலில் ஒழுங்காக ஓடியது. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்துச் சற்று நேரம் ஆனதும் வெப்பமானி முள் சிவப்பை நோக்கி ஏறியது. பழைய வண்டிகளில் கைதேர்ந்தவர் என்று பலரும் சொன்ன ஒரு மெக்கானிக், பானெட்டைத் திறந்ததுமே பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதிக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி முழுதாகப் பழுதுபார்த்ததாகப் பெருந்தொகை வாங்கினார். பெட்ரோல் குறைந்தால் சூடேறுவது உண்டுதான். ஆனால் அப்போது எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கின் முனை வெளுத்திருக்கும். அவர் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றவில்லை.

முள் இறங்கியது உண்மை, ஏமாற்று வேலையும் அதில்தான் இருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டின் துளையைக் குடைந்து பெரிதாக்கியிருந்தார்; கலவையில் பெட்ரோல் மிகுந்தால் எரிதலின் சூடு சற்றுத் தணியும். போதாததற்கு, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையும் சொல்லாமல் எடுத்துவிட்டிருந்ததால், எஞ்சின் சூடாகவே நேரம் பிடித்தது, காலையில், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்தபடியே வெகுதூரம் ஓட்ட வேண்டியிருந்தது. பிளக்குகள் கரி பிடித்தன, மைலேஜ் விழுந்தது, எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தது. கோடை வந்ததும் முள் மறுபடி ஏற, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்றார் அதே மெக்கானிக்.

அதற்குச் சம்மதிக்கும் முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தோம். கேஸ்கெட் கசிந்தால் பெரும்பாலும் தண்ணீரில் குமிழிகள் விடாமல் வரும், ஒன்றும் வரவில்லை. ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் பெரியவர் ஒருவர், சூடான எஞ்சினை அணைக்கச் சொல்லி, ரேடியேட்டர் முகப்பைக் கையால் தடவிப் பார்த்து, கீழ்ப்பாதி குளிர்ந்திருப்பதைக் காட்டினார். போர் தண்ணீரின் உப்பு படிந்து குழாய்கள் அடைத்திருந்தன. மேல் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தியெடுத்து, மறுபடி ஈயம் வைத்து மூடியதோடு சூடேறுவது நின்றது. கூலி, முன்பு கொடுத்ததில் சிறு பகுதிதான்.

பிறகு சரியான ஜெட் போடக் கழற்றியபோதுதான், வண்டியில் இருந்தது எங்கள் கார்புரேட்டரே அல்ல என்று தெரிந்தது. கேட்டதற்கு, பழையது காயலான் கடைக்குப் போய்விட்டது என்கிறார் அந்த மெக்கானிக். எங்களுடையதில், பெட்ரோல் தேங்கும் மிதவை அறை மூடியின் திருகுகளில் ஒன்று மட்டும் பித்தளை. அப்படியொரு சோலெக்ஸை யாரேனும் உங்களிடம் விற்க வந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.