நீலாங்கரை டைவிங்கும் சென்னையில் காதுப் பரிசோதனையும்

விடுமுறைக்கு ஊருக்கு வருகிற நம்மவர்கள் பலர் இப்போது நீலாங்கரையில் படகேறி ஸ்கூபா டைவிங் போகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த நானும் சித்தி மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். கடலுக்குள் பார்த்ததை இன்னொரு நாள் எழுதுகிறேன். அவன் காதுக்கு நேர்ந்ததையும், அதற்குச் சென்னையில் கிடைத்த கவனிப்பையும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

டைவிங் நிறுவனத்தில் உடல்நலப் படிவத்தை நீட்டி, "கையெழுத்து மட்டும் போடுங்க சார்" என்றார்கள். சைனஸ், பழைய காது அறுவை சிகிச்சை பற்றியெல்லாம் கேட்பதே அந்தப் படிவம்தான். ஒருவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் தம்பி தனக்கு இருந்த சளியைச் சொல்லியிருப்பான். எனக்கு இதில் இன்னும் கோபம் ஆறவில்லை. 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. காதுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. ஆகவே முதல்முறை இறங்குகிறவர் போகும் அந்தக் கொஞ்ச ஆழத்திலேயே காதுக்குப் பெரும் சோதனை. மூக்கின் பின்னாலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் சளியில் வீங்கியிருந்தால் காற்று உள்ளே ஏறாது. தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளும்; இரத்தம் கட்டும், கிழியவும் செய்யும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவதை வலி வருமுன்பே தொடங்கி, இறங்க இறங்கச் செய்துகொண்டே இருக்க வேண்டும். வலி வந்தபின் மூச்சுமுட்ட ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழியலாம். அப்படி ஆனால் கேட்கும் திறன் திரும்பாமலே போகக்கூடும்.

சளியோடு இறங்கிய தம்பிக்குக் காது அடைத்துக்கொண்டது. "அண்ணா, நீ பேசுறது கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு" என்றான். வீட்டுக்கு வந்ததும் சித்தி பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சக் கிளம்பிவிட்டார். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுச்செவிக்குள் இறங்கிவிடும் என்று சொல்லித் தடுத்தேன். தெருமுனை மருந்துக்கடையில் காதைப் பார்க்காமலே சொட்டு மருந்தை எடுத்து வைத்தார்கள். அதையும் வாங்கவில்லை.

மறுநாள் காலை காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். முன்பதிவு கிடையாது, டோக்கன்தான். பில் கவுண்டரில் நின்றதுதான் அதிக நேரம். டாக்டரம்மா காதுக்குள் பார்த்துவிட்டு, தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் டியூனிங் ஃபோர்க் என்ற உலோகக் கவையைத் தட்டி அவன் நெற்றியில் வைத்து, "எந்தப் பக்கம் சத்தமா கேக்குது?" என்றார். அடைத்த காதில் கூடுதலாகக் கேட்டால் கோளாறு நடுச்செவியில். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால் உட்செவியைச் சந்தேகிக்க வேண்டும். உட்செவி என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, ஸ்டீராய்டு சிகிச்சைக்கு முதல் இரண்டு வாரம்தான் முக்கியம் என்றார். தம்பிக்கு அடைத்த காதிலேயே கேட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதே மாடியில் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளந்து வரைபடமாகத் தரும் சோதனை. சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்தார்கள். பிறகு தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். சிங்கப்பூரில் எனக்கு இந்தச் சோதனையை ஆங்கிலச் சொற்களில்தான் செய்தார்கள். வீட்டில் தமிழே பேசுகிற நம் பெரியவர்களுக்கு இங்கே செய்வது எவ்வளவு நல்லது என்று தோன்றியது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று வரைபடத்தைக் காட்டித் தம்பிக்குப் பொறுமையாக விளக்கினார் ஆடியோலஜிஸ்ட். நடுச்செவியில் நீர் கட்டியிருப்பதை, செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனை காட்டியது. காது தெளியும்வரை கடலும் வேண்டாம், விமானமும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

பல வருடமாக டைவிங் போகிறவன் என்பதால் நானும் சோதித்துக்கொண்டேன். காயம் படாமல் பொழுதுபோக்குக்காக மூழ்குகிறவர்களுக்கு, அந்தப் பழக்கத்தால் மட்டும் காது மந்தமாவதாக ஆய்வுகளில் தெளிவான சான்று இல்லை என்று அவர் சொன்னது ஆறுதல். சந்தேகமே இல்லாவிட்டாலும் ஒரு ஆடியோகிராம் கையில் இருக்கட்டும், நாளைக்குக் குறைந்தால் ஒப்பிட உதவும் என்றார். இருவருக்கும் சேர்த்து ஆன செலவு, சிங்கப்பூரில் ஒருவருக்கு ஆவதைவிடக் குறைவு. கையில் காசில்லாதவர்களுக்கு சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் காதுப் பிரிவு இருக்கிறது.

கடைசி நாளில் டைவிங் வைத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு இன்னொன்று. ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஊர் வந்ததும் முதல் வாரத்திலேயே கடலை முடித்துக்கொண்டால், காது அடைத்தாலும் டாக்டரைப் பார்க்கவும் மறுபரிசோதனைக்கும் நாள் இருக்கும்.