எஃப்-16ம் அந்த எட்டு நிமிஷமும்

டிசிஎஸ்னு கம்ப்யூட்டர்ல போர் விமானம் ஓட்டுற விளையாட்டு ஒண்ணு இருக்கு; எஃப்-16, ஹார்னெட்னு விமானங்களைத் தனித்தனியா வாங்கி ஓட்டணும். அதைப் பத்தி ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, டிசிஎஸ்ல சேல் போட்டிருக்காங்க. எஃப்-16 எடுக்கலாமா, ஹார்னெட் எடுக்கலாமா?" ரேடார், ஏவுகணை, டாக்ஃபைட் பத்தியெல்லாம் வீடியோ கொட்டிக் கிடக்கு, அதை அவனே பார்த்துக்கட்டும். ரெண்டையும் வருஷக்கணக்கா ஓட்டினவன்கிற முறையில நான் பேச வேண்டியது எஃப்-16 காக்பிட்டோட வலது பக்கப் பலகையில இருக்கிற ஐஎன்எஸ் திருகைப் பத்தித்தான். ஐஎன்எஸ்னா விமானம் எங்க இருக்கு, எந்தத் திசையைப் பார்த்து இருக்குன்னு வெளி உதவி இல்லாம கணக்குப் போடுற பெட்டி. கிளம்புறதுக்கு முன்னாடி அதைத் தயார்படுத்தணும், அதுக்குப் பேர்தான் அலைன் பண்றது.

இன்ஜின் போட்டாச்சு, திருகை நார்ம்ல, அதாவது வழக்கமான அலைன்ல, வெச்சாச்சு. முன்னாடி இருக்கிற சின்னப் பச்சைத் திரையில 99னு வரும், அலைன் எவ்வளவு ஆச்சுன்னு காட்டுற நம்பர். அது 10க்கு இறங்க ஏறக்குறைய எட்டு நிமிஷம். முதல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள விமானம் நிக்கிற இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையைத் தட்டி என்டர் கொடுக்கணும். பட்டுமி ஏர்போர்ட்னா வசதி, ரெண்டுமே கிட்டத்தட்ட 41 டிகிரி 36 நிமிடம். கீபேட்ல 2 தட்டினா வடக்கு, 6 தட்டினா கிழக்கு. தீர்க்கரேகைக்கு மட்டும் டிகிரி மூணு இலக்கம், அதனால 41க்கு முன்னாடி ஒரு பூஜ்யம் போடணும். திரையிலதான் ஏற்கெனவே நம்பர் காட்டுதே, எதுக்குத் திரும்ப அடிக்கணும்னு எவன் கேட்டாலும் விமானம் காதுல வாங்காது.

அப்புறம் காத்திருப்பு. 90ல போய் உக்காந்துக்கும். கூட ஆடுற பசங்க ஏற்கெனவே ஹாட் ஸ்டார்ட்ல, அதாவது எல்லாம் தயாரா ஓடிக்கிட்டிருக்கிற விமானத்துல கிளம்பி, மலையைத் தாண்டி, "எங்க ப்ரோ இருக்கீங்க"ன்னு ஹெட்செட்ல கத்துவாங்க. நான் ஷெட்டை விட்டு ஒரு அடி நகர்ந்திருக்க மாட்டேன். நகரவும் கூடாது. நடுவுல விமானத்தைத் தரையில உருட்டினா கணக்கு கெட்டுப்போகும். இதுல சத்துவாச்சாரி மே மாசம் வேற. ஃபேன் அனல் காத்தைத்தான் தள்ளும், கம்ப்யூட்டர் இரையும், திரையில 30, 20னு இறங்கி வரும்போது பொட்டுனு கரண்ட் போகும். திரும்ப 99. நேத்து ராத்திரியும் அதேதான். அந்தக் கடுப்பு இன்னும் இறங்கல, அதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்கணும்.

ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு. அந்த எட்டு நிமிஷத்துல பெட்டி சும்மா இல்லை. முதல்ல முடுக்கத்தை அளக்கிற முடுக்கமானிகள் புவியீர்ப்பை வெச்சு எது கீழேன்னு பார்க்கும். அடுத்து சுத்துறதை உணர்ற ஜைரோக்கள் பூமியோட சுழற்சியைப் பிடிக்கும். மணிக்கு 15 டிகிரிதான், கடிகாரத்துல மணி முள் நகர்ற வேகத்துல பாதி. அந்த ஊர்ற வேகத்தை அளந்து, அதிலிருந்து வடக்கு எதுன்னு கண்டுபிடிக்கணும். காந்தம் வேண்டாம், சாட்டிலைட் வேண்டாம். அட்சரேகையைக்கூட அதுவே ஓரளவு கணிச்சிடும், ஏன்னா சுழற்சியோட கிடைமட்டப் பங்கு ஊருக்கு ஊர் மாறும். நம்ம வேலூர் 13 டிகிரியில இருக்கு, இங்க அந்தப் பங்கு மணிக்கு 14.6 டிகிரி. மூர்மான்ஸ்க் பக்கம் 69 டிகிரிக்குப் போனா ஐந்தரைகூட வராது, வடக்கைப் பிடிக்க ஜைரோ திணறும். தீர்க்கரேகை மட்டும் எந்த ஜைரோவுக்கும் தெரியாது. பூமி எல்லாத் தீர்க்கரேகையிலும் ஒரே மாதிரிதானே சுத்துது. அதை நாமதான் சொல்லணும். இது புரிஞ்ச அன்னிக்கு எனக்கு அந்தக் கீபேட் மேல இருந்த கோவம் பாதி போச்சு. காசு கொடுத்து வாங்கின எந்த விளையாட்டும் எனக்கு இவ்வளவு பௌதிகம் சொல்லித் தந்ததில்லை.

அவசரப்படுறவங்களுக்கு வழி இருக்கு. போன தடவை அலைன் பண்ணதுக்கப்புறம் விமானம் அசையாம நின்னிருந்தா, சேமிச்ச திசையை வெச்சு ஒன்றரை நிமிஷத்துல முடிச்சிடலாம். "அதான் ஜிபிஎஸ் இருக்கே, பறக்கும்போது திருத்திக்காதா"ன்னு கேட்டா, திருத்திக்கும். ஆனா ஜிபிஎஸ் முழுசா செயல்பாட்டுக்கு வந்ததே 1995ல. பனிப்போர் கால மிஷன்ல உக்காந்தா அந்தத் துணை கிடையாது. நல்லா அலைன் பண்ண ஐஎன்எஸ்ஸே மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கடல் மைல் விலகும். அரைகுறையா விட்டுக் கிளம்பினா, கண்ணு முன்னாடி இருக்கிற ஹட் கண்ணாடியில இலக்கோட வழிப்புள்ளிக் குறி பாலத்து மேல இல்லாம பக்கத்து வயக்காட்டு மேல நிக்கும். குண்டு எங்க விழும்னு சொல்லணுமா?

ஹார்னெட் இந்த விஷயத்துல சாது. பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, திருகை வெச்சுட்டா, குவால்ங்கிற அலைன் தர நம்பர் மளமளன்னு இறங்கி 0.5 ஆனதும் ஓகேன்னு காட்டும். விமானந்தாங்கிக் கப்பல் மேலன்னா இன்னும் சுகம். தளமே ஆடிக்கிட்டு ஓடுறதால விமானத்தால தனியா கணக்குப் போட முடியாது, கப்பலோட சொந்த ஐஎன்எஸ் தகவல் அனுப்பும். நடுவானத்துல கெட்டுப்போனாலும் ஐஎஃப்ஏன்னு பறந்துக்கிட்டே அலைன் பண்ற வசதி இருக்கு, ஜிபிஎஸ்ஸை வெச்சுத் திரும்ப நிமிர்ந்துக்கும்.

அதனால தம்பி, ஹார்னெட் எடு. எஃப்-16 வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு மணி நேரம்தான் கிடைக்குதுங்கற, அதுல எட்டு நிமிஷத்தை அது தின்னுடும். "அப்ப நீங்க ஏண்ணா இன்னும் அதையே ஓட்டறீங்க"ன்னு அடுத்த கேள்வி வரும். பச்சைத் திரையில ரெடின்னு மினுக்கும்போது திருகை 'நாவ்'ங்கிற வழிகாட்டுற நிலைக்குத் தள்ளுற அந்தக் கிளிக் எனக்கு வேணும், அதுக்குத்தான். உனக்கு வேணுமான்னு தெரியல. ரெண்டுக்குமே 14 நாள் இலவச ட்ரையல் இருக்கு, அதுல தெரிஞ்சிடும். எதை எடுத்தாலும் சேல்ல மிச்சமாகிற காசோட கொஞ்சம் போட்டு முதல்ல ஒரு யுபிஎஸ் வாங்கிடு.