ஓமலூர் ரன்வேயா, காக்கசஸ் ரன்வேயா: ஒரு ஸ்பிட்ஃபயர், இரண்டு சிமுலேட்டர்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9 ஒரே விமானம்தான். ஆனால் கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் சிமுலேட்டரான டி.சி.எஸ். வேர்ல்டுக்காகச் செய்த ஸ்பிட்ஃபயரும், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக ஃப்ளையிங்அயர்ன் நிறுவனம் செய்த ஸ்பிட்ஃபயரும் ஓட்டும்போது ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன். கையிலிருக்கும் காசுக்கு ஒன்றுதான் என்றால் டி.சி.எஸ். பக்கம் போங்கள் என்பேன். ஏர்க்காட்டுக்கு மேலே பறப்பதுதான் ஆசை என்றால் மட்டும் அது உதவாது. டி.சி.எஸ்.ஸில் தென்னிந்தியாவுக்கு மேப்பே கிடையாது.

பழைய போர் விமானத்தில் ரசிக்க வேண்டியது என்ஜினும் தரையும்தான். டி.சி.எஸ்.ஸில் என்ஜினைக் கிளப்புவதே ஒரு வேலை. பெட்ரோல் வால்வைத் திறந்து, என்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பிரைமர் கைப்பிடியைச் சில தடவை இழுத்துத் தள்ளி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ ஸ்விட்ச் இரண்டையும் போட வேண்டும். அப்புறம் ஸ்டார்ட்டர் பட்டனையும் பூஸ்டர் காயில் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால், ப்ரொப்பெல்லர் தயங்கித் தயங்கிச் சுற்றி, புகையைக் கக்கி, மெர்லின் 66 என்ஜின் பற்றிக்கொள்ளும். பிரைமரைப் போதிய அளவு தள்ளாவிட்டால் பற்றாது.

தரையில் நகர்வது அதைவிடக் கஷ்டம். நீண்ட மூக்கு முன்னால் இருப்பதை மறைத்துவிடும். பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் ரன்வேக்குப் போக வேண்டும். பிரேக்குக்கு ஸ்டிக்கில் ஒரே ஒரு லீவர். எந்தச் சக்கரத்துக்கு அழுத்தம் போக வேண்டும் என்பதை, மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கால் பெடலான ரடர் பெடல் தீர்மானிக்கும். சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் கொஞ்சம் அசந்தாலும் இறக்கை தரையில் உரசும். த்ராட்டிலைச் சட்டென்று தள்ளினால் மூக்கு இடப்பக்கம் ஓடும். வலது பெடலை முன்கூட்டியே மிதித்திருக்க வேண்டும். இறங்கும்போது ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கத்து மடிப்பு) முழுக்க மேலே, இல்லாவிட்டால் முழுக்கக் கீழே; நடுவில் நிறுத்த முடியாது. அசல் விமானத்திலும் இப்படித்தான். டி.சி.எஸ். இதில் எதையும் இளக்கவில்லை.

ஃப்ளையிங்அயர்ன் ஸ்பிட்ஃபயரின் காக்பிட் அழகைக் குறை சொல்ல முடியாது. தேய்ந்த பெயின்ட், கேஜ் கண்ணாடியில் விழும் வெயில் எல்லாம் பிரமாதம். ஆனால் தரையில் ஓடும்போது அது கொஞ்சம் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. முதல் நாளே இறக்கிவிடலாம். துப்பாக்கியும் சுடாது. எனக்கு அது பெரிய குறை இல்லை. சிலருக்கு அதுதான் முதல் கேள்வி.

சரி, அப்புறம் அதை ஏன் வைத்திருக்கிறேன்? ஓமலூருக்காக. நம் சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கத்துக் காமலாபுரத்தில். ரன்வே சுமார் 1,800 மீட்டர், ஸ்பிட்ஃபயருக்குத் தாராளம். ஏறிய கையோடு கிழக்கே திரும்பினால் சேர்வராயன் மலை நேர் எதிரில். பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் ஏர்க்காடு நாலைந்து நிமிடத்தில் இறக்கைக்குக் கீழே வந்துவிடும். ஏரி சரியான இடத்தில் இருக்கிறது, மலைச்சரிவின் மடிப்புகள் அப்படியே இருக்கின்றன. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக்கைத் தேடாதீர்கள், எல்லாம் ஒரே பச்சைக் காடுதான். அங்கிருந்து மேற்கே திரும்பி ஓமலூரைத் தாண்டினால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. தெற்கே எட்டிப் பார்த்தால் கஞ்சமலை. லைவ் வெதர் (அந்த நேரத்து நிஜ வானிலை) போட்டு, சித்திரை மாதத்து மதியத்தில் ஓட்டிப் பாருங்கள். நம்ம ஊர் சூட்டில் விமானம் எழும்ப ரன்வே கூடுதலாகக் கேட்கும்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. 2022-ல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பிலிருந்து டி.சி-3 என்ற பழைய பயணிகள் விமானம் இலவசம். அதன் ராணுவ வடிவம்தான் நாம் டகோட்டா என்று சொல்வது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் படையை முதலில் இறக்கிய விமானங்கள் டகோட்டாக்கள். அந்த நினைவாக வி.பி. 905 என்ற எண்ணோடு, பரசுராமா என்ற பெயரில் விமானப் படை இன்றும் ஒரு டகோட்டாவை வைத்திருக்கிறது. இந்த வரலாறு தெரிந்து ஓட்டினால் வேறு அனுபவம். காசு கொடுத்து ஸ்பிட்ஃபயர் வாங்கும் முன், வால் சக்கர விமானத்தை இதில் பழகிக்கொள்ளலாம்.

டி.சி.எஸ்.ஸிலும் இலவசம் இருக்கிறது: டி.எஃப்-51டி, ஆயுதம் இல்லாத இரட்டை இருக்கை மஸ்டாங், அமெரிக்கப் போர் விமானத்தின் பயிற்சி வடிவம். என் பார்வையில் புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. இதிலும் மெர்லின்தான், பேக்கார்ட் கம்பெனி அமெரிக்காவில் செய்தது. ஆனால் சக்கரங்கள் அகலம். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் வால் சக்கரம் லாக் ஆகி நேராக ஓடும். 61 இஞ்ச் மேனிஃபோல்டு பிரஷரில் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) ஏறி, 46 இஞ்சுக்குக் குறைத்துப் பயணம் செய்யும் ஒழுக்கம் இதில் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அதை மறந்து முழு த்ராட்டிலில், குறைந்த வேகத்தில் ஏறிக்கொண்டே இருந்தால் என்ஜின் சூடேறி நின்றுவிடும்.

ஜெட் என்றால் போட்டியே இல்லை, டி.சி.எஸ்.ஸின் மிக்-21பிஸ்தான். 1963-ல் நம் படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற குடும்பம் அது. மணிக்கு 300 கி.மீ.க்குக் கூடக்குறைய தரை தொட்டு, பின்னால் பாராசூட்டை விரிக்கும் அந்தச் சில வினாடிகள் வேறெந்த ஆட்-ஆனிலும் எனக்கு இவ்வளவு படபடப்பைத் தந்ததில்லை. ஆனால் ஒரு ஆதங்கம் உண்டு. 1965-ல் நம் நாட் என்ற சிறிய போர் விமானங்கள் எதிர்கொண்ட பாகிஸ்தானின் சேபர் டி.சி.எஸ்.ஸில் முழு மாட்யூலாக (தனியாக வாங்கும் விமானமாக) இருக்கிறது, நாட் இல்லை. பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டிய மாருத் போர் விமானமும் இல்லை. யாராவது செய்தால் முதல் நாளே வாங்குவேன்.

எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரிலும் ஃப்ளையிங்அயர்ன் ஸ்பிட்ஃபயர் உண்டு, பறக்கும் உணர்வு நன்றாகவே இருக்கும். ஆனால் சேலம் சேலமாகத் தெரிய, நிலப்படங்களைத் தனியாகச் சேர்க்கும் வேலை நம் தலையில். ஐஎல்-2 என்ற போர் சிமுலேட்டர் சண்டைக்கு அருமை, காக்பிட்டில் ஸ்விட்ச் ஸ்விட்சாகத் தொட நினைப்பவருக்கு அல்ல.

செலவைப் பொறுத்தவரை, டி.சி.எஸ். மாட்யூல்களை முழு விலைக்கு வாங்கவே வேண்டாம். பாதி விலைக்கு அடிக்கடி ஆஃபர் வரும். ஐரோப்பாவின் இரண்டாம் உலகப் போர் மேப்புகளுக்குத் தனிக் காசு, காக்கசஸ் மேப் இலவசம். ரேம் 32 ஜி.பி. இல்லாமல் டி.சி.எஸ். திணறும். மைக்ரோசாஃப்டுக்கு நிலம் இணையம் வழியாக வந்துகொண்டே இருப்பதால் நெட் நிலையாக இருக்க வேண்டும். மேலே மலைப்பக்கம் வீடு இருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

டி.சி.எஸ்.ஸை ஸ்டீம் வழியாக இல்லாமல் அவர்கள் சொந்தத் தளத்திலிருந்து நிறுவினால், பெரும்பாலான மாட்யூல்களை இரண்டு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். அதற்குள் ரடர் பெடல் ஒன்றை நண்பரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்கை முறுக்கியே ஸ்பிட்ஃபயரை நேராக ஓட்டுவது பெரும்பாடு.